ரெண்டு இருபது ஆனைக்குழி வண்டி

இறங்கிட்டு. காலைல பல்லு வெளக்கும்போது போனுல தேடிப் பாத்தேன், என் தளம் மூணாவதா நின்னுது. இப்ப தென்காசி பஸ் ஸ்டாண்டுல சிமெண்டுப் பெஞ்சில உக்காந்து பாக்கேன், முதல் பக்கத்துலயே காணோம். ரெண்டாம் பக்கத்துக்குப் போயிட்டு. ரெண்டாம் பக்கத்த எவன் பாக்கான், நானே பாக்க மாட்டேன். நேத்து என்ன செஞ்சேன், ஒண்ணும் செய்யல, ஒரு எழுத்து மாத்தல. மாத்தாததுதான் குத்தமோ என்னவோ. போன மாசம் மாத்துனேன், அதுக்கும் இறங்குச்சு. ஏறுனப்பவாவது ஏன் ஏறுச்சுன்னு தெரிஞ்சுதா, அதுவும் தெரியல, தெரியாமலே சந்தோசப்பட்டு அல்வா வாங்கிட்டுப் போனேன். ஏ உலகம்மா, போன உள்ள வை, வந்த வேலையப் பாரு. வைக்க மாட்டேங்குதே இந்தக் கை. கடையநல்லூர் வண்டி கெளம்பிட்டா, கெளம்பிட்டு, மூணு நிமிசம் லேட்டு, அத முதல்ல போடு. போட்டாச்சு. போட்டு என்ன செய்ய, யாரு பாக்கப் போறா. என் தளத்துக்குப் பேரு 'எப்பம் வண்டி'. இந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டுக்குள்ள கால வச்ச எவனும் பக்கத்துல நிக்கவன்ட்ட முதல்ல கேக்கறது அதத்தான், அதையே பேரா வச்சேன். எந்த ஊருக்கு எப்பம் வண்டி, எந்த வண்டி சொன்ன நேரத்துக்கு வரும், எது ஆளு நெறையாம நகராது, எது மழை பேஞ்சா பாதியில திரும்பிரும், எல்லாம் அதுல இருக்கும். ஒரு வரியும் கேட்டு எழுதுனது கெடையாது. போர்டுல போட்டிருக்க நேரத்தப் பாத்து எழுதுனதும் கெடையாது, அந்த போர்டு நான் சமஞ்ச காலத்துல எழுதுனது. சந்தை நாளைக்குச் சந்தை நாள் இங்க வந்து உக்காந்து, வண்டி சக்கரம் உருண்ட நேரத்தப் பாத்துப் பாத்துப் போட்டது. இந்தப் பெஞ்சில என் இடுப்பு போட்ட அச்சு இருக்கும். வெயிலு, மூத்திர நாத்தம், டீசல் பொகை, வாழைக்காய் பஜ்ஜி வாசம், எல்லாத்தையும் குடிச்சுக்கிட்டு உக்காந்து எழுதினவ ரெண்டாம் பக்கத்துல கெடக்கேன். ஒரு நாள்கூட இங்க வந்து நிக்காம என்னப் பாத்து அப்படியே எடுத்துப் போடுற திருட்டுப்பய முதல்ல நிக்கான். பேரச் சொல்ல மாட்டேன், பேரச் சொன்னா அதுவும் அவனுக்கு ஒரு விளம்பரம்.

தேடல்காரன். போனுல எதத் தேடுனாலும் எந்தத் தளத்த முதல்ல காட்டணும்னு முடிவு பண்ணுதவன அப்படித்தான் நான் சொல்லுவேன். எந்த தேசத்துலயோ இருக்கான். மூஞ்சி கெடையாது, போன் நம்பர் கெடையாது, ஆபீசு வாசல்ல போய் நின்னு மண்ணள்ளித் தூத்தக்கூட வாசல் கெடையாது. அவன் பாட்டுக்கு என்னத்தையோ மாத்துதான், மாத்துனதும் இங்க என் அடுப்பு அணையுது. மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லலாம்லா. தண்ணி வராதுன்னா முனிசிபாலிட்டிக்காரன்கூட ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லுதான். இவன் சொல்ல மாட்டான். அதுவும் இந்தக் குற்றால சீசன்ல, சாரல் அடிக்கிற நேரத்துல, எங்கெங்க இருந்தெல்லாமோ ஆளு வந்து எப்பம் வண்டி எப்பம் வண்டின்னு தேடுற நேரத்துல. வருசம் பூரா மழைக்குக் காத்திருந்துட்டு மழை பேயறன்னைக்கு வயலப் பிடுங்கிக்கிட்ட மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரர் வேலாயுதம் லாரி ஓட்டுனவர், முதுகுத்தண்டு விலகி வீட்டுல உக்காந்ததுல இருந்து இந்தத் தளத்துல வர்ற விளம்பரக் காசுதான் உலைக்கு அரிசி. அது அவருக்கும் தெரியும், தெரிஞ்சதுனாலதான் கிண்டல் பண்ணுவாரு, 'உலகா, இன்னைக்கு எத்தனாவது ஆளா நிக்க, ரேசன் கடை வரிசை பரவாயில்ல போலயே'ன்னு. சிரிக்கத்தான் செய்வேன். சிரிச்சுட்டுப் போய் அடுக்களையில நின்னு பல்லக் கடிப்பேன். மெட்ராஸ்ல நித்திலன்னு ஒரு பையன், இந்த ஏத்தம் இறக்கம்லாம் அவனுக்கு அத்துப்படின்னு சொன்னாவ, கேட்டேன். "மேடம், உங்க பேஜ் ரொம்பச் சின்னதா இருக்கு மேடம். ஆளுங்க வர்றாங்க, டைம் பாக்குறாங்க, போயிடுறாங்க. அவங்கள கொஞ்ச நேரம் நிக்க வைக்கணும்" அப்படிங்கான். பஸ்ஸுக்கு ஓடுறவன நான் எதுக்குய்யா நிக்க வைக்கணும், பஸ்ஸு போயிராதான்னேன். "அது அப்படித்தான் மேடம்" அப்படின்னான். அவன் பேச்சக் கேட்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைமாட்டுல எழுதி வச்சேன், 'பேருந்து என்பது மக்களின் அன்றாட வாழ்வில் இன்றியமையாத ஒரு போக்குவரத்துச் சாதனமாகும்'. எழுதும்போதே எனக்கு அருவருப்பா இருந்துது. பஸ் ஸ்டாண்டுல நிக்கவன்ட்ட போய் பஸ்னா என்னன்னு பாடம் நடத்துத மாதிரி. அப்புறம் பாத்தா அதுவும் தப்பாம், இப்ப தேடல்காரன் அத வெறுக்கானாம், சின்னதா எழுதுறவளத்தான் பிடிக்குமாம். எடுத்தேன். எடுத்தா இன்னும் இறங்குச்சு. ஒருத்தன் மனசு இப்படி நேரத்துக்கு ஒண்ணு சொன்னா ஊருல பைத்தியம்பாவ, இவனுக்கு மட்டும் அறிவுன்னு பேரு.

பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்காரு, கொஞ்ச நேரமாவே. ஜவுளிக்கடை கவர மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. கண்ணு செவந்து கெடக்கு, விடிய விடிய பஸ்ஸுல வந்தவர் போல. என் போன எட்டிப் பாக்காரோன்னு திருப்பிக்கிட்டேன். அவர் பாக்கல, அவர் போனத்தான் பாக்காரு. பாக்கட்டும். எல்லாரும் அந்தத் திருட்டுப்பயல்ட்டதான் பாக்காவ, இவரு மட்டும் என்ன. அவன் எங்க இருந்து எடுத்தான், எல்லாம் என்ட்ட இருந்து எடுத்தான். நான் எழுதுன 'மழை பேஞ்சா வராது'ங்கறதுகூட அப்படியே இருக்கு அவன்ட்ட. நான் பாவூர்சத்திரம் வண்டியில ஒரு எழுத்து தப்பா அடிச்சேன், அந்தத் தப்பும் இருக்கு. அது போதாதுன்னு இப்ப தேடல்காரன் புதுசா ஒண்ணு செய்யுதான், தேடுனா மேல ஒரு பெட்டி போட்டு அவனே பதில் சொல்லிருதான், யாரு தளத்துக்கும் போவ வேண்டாம். அந்தப் பதிலும் திருட்டுப்பயல்ட்ட எடுத்த பதில். என் சோத்த அவன் எடுத்தான், அவன் எச்சிலை இவன் எடுத்து ஊருக்குப் பரிமாறுதான். புகார் சொல்லலாம்லான்னா சொல்லலாம், சொன்னேன், நாலு தடவ சொன்னேன். நீதான் முதல்ல எழுதுனன்னு எப்படி நம்பங்கான். நேரம் பொதுச்சொத்தாம், யாரு வேணா எழுதலாமாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. அப்பத்தான் ஞானதிரவியம் அண்ணாச்சி நெனைப்பு வந்துது. கல்யாணத்துக்கு முன்னால அவர் அச்சாபீசுலதான் டைப்படிச்சேன். வருசா வருசம் ஊர் டைரக்டரி போடுவாரு, கடை, டாக்டர், வக்கீல் எல்லார் நம்பரும் இருக்கும். அதுல இல்லாத ஒரு வக்கீல் பேர நடுவுல சேக்கச் சொல்லுவாரு. எதுக்கு அண்ணாச்சின்னு கேட்டா, "எவனாவது இதப் பாத்து அப்படியே அடிச்சான்னா அந்த வக்கீலும் கூடப் போயி அவனக் காட்டிக் குடுப்பாரு. இல்லாத வக்கீல்ட்ட எவன் கேஸ் குடுப்பான்"னு சிரிப்பாரு. நானும் ஒரு இல்லாத வண்டிய விட்டேன். பங்குனியில விட்டேன். தென்காசி ஆனைக்குழி, மத்தியானம் ரெண்டு இருபது.

நல்லா யோசிச்சுதான் விட்டேன், அப்படித்தான் நெனச்சேன். ஆனைக்குழி மலையடிவாரத்துல கடைசி ஊரு, அதுக்கங்கிட்டு ரோடு கெடையாது. காலைல ஆறே முக்காலுக்கு ஒரு வண்டி, சாயங்காலம் அஞ்சு பத்துக்கு ஒரு வண்டி, அது அந்த ஊருல பொறந்த புள்ளைக்கும் தெரியும். அந்த ஊர்க்காரன் எவன் போனப் பாத்து பஸ் ஏறப் போறான்? எவனுக்கும் கெடுதல் இல்லாத எடமாத்தான் பாத்து வச்சேன். எலிக்கு வைக்கிற விசத்தப் புள்ளைக எட்டாத எடத்துல வைக்கம்லா, அந்த மாதிரி. பங்குனி போச்சு, சித்திரை போச்சு, கடிக்கல. இன்னைக்குக் காலைல பாத்தா கடிச்சுட்டான். திருட்டுப்பய பக்கத்துல அப்படியே நிக்கு, ரெண்டு இருபது, ஆனைக்குழி. எப்பம் எடுத்தானோ, நான் இன்னைக்குத்தான் பாக்கேன். எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்ல. படத்தப் பிடிச்சேன். அவன் பக்கம், என் பக்கம், இப்படி ஒரு வண்டியே கெடையாதுன்னு டெப்போவுல வாங்கி வச்சிருந்த கடுதாசி, எல்லாத்தையும் சேத்து இப்பத்தான், இந்தப் பெஞ்சில உக்காந்துதான், தேடல்காரனுக்குப் புகார அனுப்புனேன். உடனே பதில் வந்துட்டு, மனுசன் எழுதுனது இல்ல, மிசின் எழுதுனது. 'பரிசீலனை முடியும் வரை இரு பக்கங்களிலும் சம்பந்தப்பட்ட தகவலை மாற்றவோ நீக்கவோ வேண்டாம்.' நீக்குவேனா நான். தங்கம் மாதிரி வச்சுக் காப்பேன். இந்தத் தடவ மாட்டுனான். அவன் தளத்தத் தூக்கிருவான், தூக்குனா நான் மேல வருவேன், வந்தே ஆவணும், வராம எங்க போவும், ஆனா அந்தத் தேடல்காரன நம்ப முடியாதே, அவனத் தூக்கிட்டு வேற எவனையாவது கொண்டாந்து வைப்பான், மாட்டான், வைக்க மாட்டான், செங்கோட்டை வண்டி கெளம்பிட்டு, நேரத்தப் போடு. போட்டாச்சு. "யம்மா." பக்கத்துல உக்காந்திருந்தவர்தான். "யம்மா, இந்த ரெண்டு இருபது ஆனைக்குழி வண்டி எந்தப் பக்கம் வந்து நிக்கும்?"

அந்த நேரம் பாத்து ஒரு தனியார் வண்டிக்காரன் ஹாரன அமுக்கிக்கிட்டே உள்ள வாரான். நான் கேக்காத மாதிரி அவனையே பாத்துக்கிட்டிருந்தேன். கேக்கல, நான் ஒண்ணும் கேக்கல. அவர் இன்னொரு தடவ கேட்டாரு. ரெண்டு பத்து ஆவப் போவுது. "அது, அண்ணாச்சி, அது இன்னைக்கு ஓடாதுன்னு சொன்னாவ" அப்படிங்கேன். வாய்க்கு வந்தது அதுதான். இல்லாத வண்டிக்கு லீவு விடுதேன் பாருங்க. "ஓடாதா?" அவர் போன எடுத்துக் காட்டுதாரு, மேல பெட்டியில கொட்டை எழுத்துல, ரெண்டு இருபது. "இதுல ஓடுதுன்னு போட்டிருக்கே." அது தப்பா இருக்கும்னேன். அவர் விரல வச்சுக் கீழ தள்ளித் தள்ளிப் போறாரு, போவாதிய அண்ணாச்சி, ரெண்டாம் பக்கத்துக்கு எவனும் போவ மாட்டான், நீரு மட்டும் எதுக்குப் போறீரு, போயிட்டாரு. "இந்தா, 'எப்பம் வண்டி'ன்னு இன்னொண்ணு, இதுலயும் அதே நேரந்தானம்மா போட்டிருக்கு. ரெண்டு பேரும் தப்பாவா போடுவான்?" ரெண்டாம் பக்கத்துக்கு எவன் வருவான்னு புலம்பினேன், ஒரு ஆளு வந்துட்டாரு. அவர் எந்திரிச்சு நேரம் பாக்கிற ஆபீஸ் ஜன்னலுக்குப் போனாரு, நானும் பின்னாலயே போனேன், எதுக்குப் போனேன்னு தெரியல. உள்ள இருந்தவன் பேனா மூடியால காதக் குடைஞ்சுக்கிட்டே சொல்லுதான், "அப்படி ஒரு வண்டி கெடையாதுய்யா. தெனம் ஒருத்தன் இல்லன்னா ஒருத்தன் இதையே வந்து கேக்கான். நேத்து ஒரு புள்ளத்தாச்சி ரெண்டு மணில இருந்து அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் கெடந்தா. எவன் போனுல போட்டானோ, அவன் கை வெளங்காமப் போவ."

தெனம். தெனம் ஒருத்தன். அப்பம் கடிச்சு ரொம்ப நாளாச்சு, நான்தான் பாக்கல. கையிலதான் போன வச்சிருக்கேன், அந்தப் போனுலதான் ஒரு தட்டுத் தட்டுனா வண்டி போயிரும், தட்டுனா புகாரும் போயிரும், இரு பக்கங்களிலும் நீக்கவோ மாற்றவோ வேண்டாம். இப்ப தட்டாண்டாம். இவர மட்டும் எப்படியாவது அனுப்பிருவோம். இவரு என்ன சொல்லுதாரு, என்ட்டயா சொல்லுதாரு. அவர் ஜன்னலப் பிடிச்சுக்கிட்டே நிக்காரு. "எங்கக்கா போயிட்டா. நான் திருப்பூர்ல இருந்து வாரேன். பொறந்த வீட்டுக் கோடிச் சேலை நான்தான் போடணும், எனக்கு மேல யாரும் இல்ல, கீழயும் யாரும் இல்ல. மருமவன் பைக்க எடுத்துட்டு வாரேன்னான், நான்தான் வராண்டாம்ல, சாவு வீட்டுல வேலை கெடக்கும், ரெண்டு இருபதுக்கு வண்டி இருக்குன்னுட்டேன். இப்பம் அவன் போனும் போவல." ஆனைக்குழியில போன் போவாது, ஒழுங்கா டவர் கெடையாது, அதையும் நான் எழுதி வச்சிருக்கேன், அந்தப் பக்கத்துலயே, அந்த வண்டிக்குக் கீழயே. நாலு மணிக்கு எடுக்கணுமாம், மழை இருட்டிக்கிட்டு நிக்குதாம் அங்க. ஆட்டோக்காரன் ஒருத்தனும் இந்தச் சீசன்ல மலையடிவாரத்துக்கு வர மாட்டான், அருவிக்கு நாலு நடை அடிச்சா அவனுக்குப் போதும். பிறந்த வீட்டுக் கோடி இல்லாம எடுத்தா ஒரு அனாதையக் கொண்டுபோற மாதிரி, எங்கம்மை செத்தன்னைக்கு எங்க மாமன் கோடியோட வாரதுக்குள்ள ஐஸ் கரைஞ்சு கரைஞ்சு வாசல் பூரா தண்ணி நின்னுது, எங்கப்பா எடுப்போம் எடுப்போம்னு கேக்கறவுகளையெல்லாம் கையமத்திக்கிட்டே இருந்தாரு. அந்தத் தண்ணி இப்ப என் காலுல படுத மாதிரி இருக்கு. கோவம் வருது எனக்கு. இவர் மேல கோவம் வருது, எதுக்குய்யா போன நம்புத, பொறந்ததுல இருந்து போன வச்சுக்கிட்டா பஸ் ஏறுன. திருட்டுப்பய மேல வருது. தேடல்காரன் மேல வருது. காதக் குடையறவன் மேல வருது, தெனம் ஒருத்தன் கேட்டான்னா ஒரு சிலேட்டுல எழுதி வெளிய வைக்கக் கூடாதா. எல்லாத்தையும் சுத்தி வந்து கடைசியில என்ட்டதான் நிக்கு. "அண்ணாச்சி, வாங்க. என்ட்ட ஸ்கூட்டி நிக்கு" அப்படின்னேன்.

ஸ்கூட்டி நிக்கிற எடத்துல வச்சே சொல்லிட்டேன். சொல்லாம ஓட்டியிருக்கலாம், ஓட்ட முடியல. "அந்த வண்டிய நான்தான் போட்டேன், அண்ணாச்சி. இல்லாத வண்டி." அவர் என்னைப் பாத்தாரு. "எதுக்கு?" திருடனப் பிடிக்கன்னேன். கொஞ்ச நேரம் கவரத் தடவிக்கிட்டு நின்னாரு. "பிடிச்சாச்சா?" பிடிச்சாச்சுன்னேன். "சரி, வண்டிய எடு." அவ்வளவுதான். வஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும், நானும் ரெண்டு வார்த்தை திருப்பி வஞ்சிருப்பேன், என் பக்கத்து நியாயம் எவ்வளவு கெடக்கு, மூணு மாசமாச் சேத்து வச்சிருக்கேன், கேக்க ஒரு ஆளு இல்ல, இவரும் கேக்கல. ரயில்வே கேட்டு சாத்திக் கெடந்துது. பொதிகை வண்டிக்கு இந்த நேரம் இல்லையே, என்ன வண்டி இது, கூட்ஸா, கூட்ஸ்தான், நகருதா பாரு, எத்தன பெட்டி. கேட்டு தெறந்ததும் முறுக்குனேன். காத்து எதுக்க அடிக்குது, சாரல் கண்ணுல குத்துது, முன்னால போற காரு பூரா வெளியூர்க்காரன், துண்டக் கழுத்துல போட்டுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டுப் போறான். ஒரு பள்ளத்துல வண்டி குலுங்குனப்ப பின்னால இருந்தவர் "சேலை நனையுது, கொஞ்சம் பைய" அப்படின்னாரு. பைய போனா நேரமாவும், வேகமாப் போனா நனையும். அவர் சட்டைய அவுத்து கவர் மேல சுத்திக்கிட்டாரு, கண்ணாடியில பாத்தேன், பனியனோட உக்காந்திருக்காரு மழையில. என்ன கலரு அண்ணாச்சின்னு கேட்டேன், என்னமாவது கேக்கணும்னு இருந்துது. "அரக்கு" அப்படின்னாரு. "அவளுக்கு அரக்குன்னா உசுரு. கல்யாணத்துக்கும் அரக்குதான் கேட்டா, எங்கப்பா மஞ்சள எடுத்துட்டாரு."

கொட்டுச் சத்தம் முதல்லயே கேட்டுட்டு. அப்பாடா, எடுக்கல. பந்தலுக்கு முன்னால பாடைத் தேர் பூக்கட்டி முடிஞ்சு நிக்கு, ஆம்பளைக எல்லாம் ரோட்டுல எந்திரிச்சு நிக்காவ, கோடி வந்துட்டு, கோடி வந்துட்டுன்னு ஒரு கொரலு உள்ள போவுது, அவர் செருப்ப விட்டுட்டு ஓடுதாரு, பனியனோட, கவர நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. உள்ள பொம்பளைக அழுகை ஒரே நேரத்துல மேல வந்துது. நான் வேப்ப மரத்தடியில வண்டிய நிறுத்திட்டு முகத்தத் தொடச்சேன், மழைத்தண்ணின்னுதான் தொடச்சேன். உடனே திரும்பிரணும், யாரும் கேக்கறதுக்குள்ள திரும்பிரணும்னு சாவியத் தொட்டேன். ஒரு அம்மா வெத்தலைச் சாறத் துப்பிட்டு வந்து பக்கத்துல நின்னா. அறுவது வயசு இருக்கும், முழங்காலத் தேச்சுக்கிட்டே நிக்கா. "நீ யாரு தாயி, திருப்பூர்க்காரியா?" இல்ல, தென்காசின்னேன், அவரக் கொண்டாந்து விட வந்தேன்னேன். "அவன் ரெண்டு இருபது வண்டியில வாரான்னுல்லா அவன் மருமவன் சொன்னான். காலைல இருந்து ஊரு பூரா அதே பேச்சுதான், மத்தியான வண்டி விட்டுட்டானாம்லா. நல்லதாப் போச்சு போ. வாரா வாரம் இந்தக் காலுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன், பன்னெண்டு மணிக்கு ஊசியப் போட்டு அனுப்பிருதான், அஞ்சு மணி வரைக்கும் அந்த பஸ் ஸ்டாண்டுல கெடந்து சாவேன். இனி நல்லது." அவ முகத்துல அப்படி ஒரு சந்தோசம், சாவு வீட்டுல காட்டக் கூடாதேன்னு முந்தானையால வாய மூடிக்கிட்டா. இது எந்தப் பக்கத்துல வரும்? இது எத்தனாவது எடம்? ஒரு பய காலைல ஒரு வார்த்தை சொன்னான், மத்தியானத்துக்குள்ள ஊரு பூரா முதல் எடத்துல நிக்கு என் வண்டி.

"அப்படி ஒரு வண்டி கெடையாதும்மா" அப்படின்னேன். "போனுல இருக்காம்லா." இருக்கு, நான்தான் போட்டேன், பொய்யாப் போட்டேன். அவளுக்குப் புரியல. எதுக்குன்னு கேட்டா. இந்தத் திருட்டுப்பய கதைய எங்க இருந்து ஆரம்பிக்க, தேடல்காரன் யாருன்னு சொல்ல, நீக்க வேண்டாம் மாற்ற வேண்டாம், கொட்டுச் சத்தத்துல என் சத்தம் எனக்கே கேக்கல. நான் பஸ் நேரம் எழுதுறவளாக்கும்னேன். எல்லா ஊருக்கும் எழுதுறேன், நின்னு பாத்து எழுதுறேன், ஒண்ணும் தப்பா இருக்காது, இது ஒண்ணு மட்டும்தான். "அப்பம் நெசமா எங்க ஊருக்கு எத்தன வண்டி?" காலைல ஆறே முக்கால், சாயங்காலம் அஞ்சு பத்துன்னேன். எனக்கு அது பாராம தெரியும். அவ என்னைய மேலயும் கீழயும் பாத்தா. கோவமாக்கூடப் பாக்கல. "அது எங்களுக்குத் தெரியுமே" அப்படின்னா. முழங்காலப் பிடிச்சுக்கிட்டுப் பந்தலுக்குள்ள போயிட்டா.

திரும்பி வாரேன். வாரேனா, ஓட்டுதேன், எப்படி ஓட்டுதேன்னு தெரியல. அது எங்களுக்குத் தெரியுமே. தெரிஞ்சதத்தான் நான் இத்தன வருசமா எழுதிக்கிட்டு இருக்கேன், தெரியாத ஒண்ணு எழுதுனேன், அது பொய்யி. இல்ல, அப்படி இல்ல, திருப்பூர்ல இருந்து வாரவனுக்குத் தெரியாதுல்லா, அவனுக்குத்தான் எழுதுனேன், அவனுக்குத்தான் பொய்யும் எழுதியிருக்கேன். புள்ளத்தாச்சி, ரெண்டு மணில இருந்து அஞ்சு மணி வரைக்கும். எந்தப் பெஞ்சில கெடந்திருப்பா, என் பெஞ்சிலயா. மெயின் ரோட்டு முக்குல வந்ததும் போன் டிங் டிங்னு அடிச்சுது, டவர் வந்துட்டு. ஓரமா நிறுத்துனேன். தேடிப் பாத்தேன், மொத வேலையா அதத்தான் பாத்தேன், இந்தப் புத்தி எப்பம் போவும். ஏறியிருந்துது. காலைல இருந்த எடத்துக்கே வந்திருந்துது, மூணாவது எடம், யாரு ஏத்துனா, எதுக்கு ஏத்துனான், நாசமாப் போறவன். மூணாவதா நிக்கு, உள்ள ரெண்டு இருபது ஆனைக்குழியோட. உள்ள போயி அந்த வரியத் தொட்டேன். நீக்கவா வேண்டாமான்னு கேட்டுது. நீக்குனேன். புகார் போச்சு. மூணு மாசம் போச்சு. போவட்டும்னு சொல்ல மாட்டேன், வயிறு எரியுது எனக்கு, நல்லா எரியுது. அவன் தப்பிச்சுட்டான். நீக்கிட்டு மறுபடியும் தேடுனேன். மேல பெட்டியில கொட்டை எழுத்துல அப்படியே நிக்கு, ரெண்டு இருபது. கீழ முதல் எடத்துல திருட்டுப்பய, ரெண்டு இருபது. அவன் எப்பம் மறுபடி வந்து என்னைப் பாத்து அந்த வரிய நீக்குவானோ, நீக்கவே மாட்டானோ. என் கையில பொறந்துது, என் கையால சாவாது. ஏறணும் ஏறணும்னே பாத்துக்கிட்டு இருந்த கண்ணு, இனி அவன் இறங்குதானான்னு பாக்கணும், அந்த ஒரு வரிக்காவது அவன் ரெண்டாம் பக்கத்துக்குப் போணும். வீட்டுக்குப் போனப் போட்டேன்.

"எங்கட்டி இருக்க, மழை இந்தப் போடு போடுது" அப்படிங்காரு அவரு.

"வந்துக்கிட்டிருக்கேன். நாளைக்கு மத்தியானச் சோத்த நீங்களே போட்டுச் சாப்பிட்டுக்கிடுங்க. நான் பஸ் ஸ்டாண்டுல இருப்பேன்."

"நாளைக்குச் சந்தை இல்லையே. எந்த வண்டியப் பாக்கப் போற?"

"ரெண்டு இருபது ஆனைக்குழி வண்டி."

"அதுதான் இல்லாத வண்டியாச்சே."

"அதுக்கு ஆளு வருதுல்லா. வாரவுகள்ட்ட சொல்லணும்."

கிண்டல் பண்ணுவாருன்னு காத்திருந்தேன். பண்ணல. "எத்தன நாளைக்கு?" அப்படின்னு கேட்டாரு.

"இறங்குறது வரைக்கும்" அப்படின்னேன்.